எத்தனாவது வந்தாய் என்று கேட்பதற்கு முன்: கிராஸ் கன்ட்ரி பிள்ளைகளும் போட்டி அழுத்தமும்

பெங்களூரில் கிராஸ் கன்ட்ரி என்றால் பெரும்பாலான பெற்றோருக்கு ஓட்டப்பந்தயம்தான் நினைவுக்கு வரும். மைதானத்தின் சிவப்புத் தடத்தை விட்டு மண்பாதை, புல்வெளி, மேடுபள்ளம் என்று ஓடுவது. குளிர்நாடுகளில் அதே பெயரில் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. காலில் ஸ்கீ என்ற நீளமான மெல்லிய பலகை, இரண்டு கையிலும் ஊன்றுகோல், சமதரையும் மேடும் இறக்கமுமாகப் பல கிலோமீட்டர். மலைச்சரிவில் மேலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் ஸ்கீ வேறு. இதில் மேட்டையும் சொந்தக் காலால்தான் ஏற வேண்டும்.

ஓட்டமானாலும் ஸ்கீயானாலும் பிள்ளையின் உடம்புக்கு வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: நெடுநேரம் தாக்குப்பிடிப்பது, மேட்டில் நிதானம் காப்பது, மூச்சு வாங்கும்போதும் பதறாமல் இருப்பது. பெற்றோருக்கு வரும் கேள்விகளும் ஒன்றுதான். எந்த வயதில் ரிசல்ட்டைப் பெரிதாக எடுப்பது? எவ்வளவு தூண்டலாம்? விளையாட்டாக இருந்தது எப்போது சுமையாக மாறுகிறது? இதைப் பற்றி நெடுங்காலம் யோசித்து, எழுத்தில் விதியாகவே போட்டவர்கள் நார்வேக்காரர்கள். அங்கே ஸ்கீ பிள்ளைகளுக்குச் செய்வதில் பெரும்பகுதியை, விடியற்காலை ஐந்தரைக்குப் பிள்ளையை எழுப்பிக் கண்டீரவா ஸ்டேடியத்துக்கோ கப்பன் பார்க்குக்கோ கூட்டிப்போகும் நம் வீட்டிலும் செய்ய முடியும்.

எது அழுத்தம், எது அழுத்தம் இல்லை

கஷ்டப்பட்டு ஓடுவது அழுத்தம் இல்லை. பிள்ளைகளுக்குக் கஷ்டமான வேலை பிடிக்கும். மேட்டை நிற்காமல் ஏறி முடித்த பத்து வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஸ்டார்ட் லைனில் நெஞ்சு அடித்துக்கொள்வதும் வயிற்றைக் கலக்குவதும்கூட அழுத்தம் இல்லை. அது அட்ரினலின் செய்யும் வேலை. உடம்பு ஓடத் தயாராகிறது. "பயப்படாதே" என்பதைவிட, "உடம்பு ரெடியாகுது, அதான் அப்படி இருக்கு" என்று விளக்கினால் பிள்ளை அதை நோயாக நினைக்காது.

அந்தப் பந்தயத்தின் ரிசல்ட்டை வைத்து பந்தயத்துக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்று முடிவாகும் என்று பிள்ளை நம்பத் தொடங்கும்போதுதான் கெடுதலான அழுத்தம் பிறக்கிறது. அப்பாவின் முகம் மாறுமா, கோச் அடுத்த வாரம் பேசுவாரா, கட்டிய பணம் வீணா, சித்தப்பா பையனோடு ஒப்பிடுவார்களா என்றெல்லாம் யோசிக்கும். இவற்றில் எதையும் பிள்ளையால் கட்டுப்படுத்த முடியாது. கட்டுப்படுத்த முடியாததற்குப் பொறுப்பேற்க வைப்பதுதான் பிள்ளையை உடைக்கிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்த கருத்து இங்கே உதவும். மனிதர் ஒரு வேலையில் தானாக ஊன்றி நிற்க மூன்று தேவை என்றார்கள்: இது என் விருப்பம் என்ற உணர்வு, எனக்கு இது கைகூடி வருகிறது என்ற உணர்வு, இந்தக் கூட்டத்தில் நான் ஒருவன் என்ற உணர்வு. பிள்ளை உற்சாகம் இழந்து தெரிந்தால் மூன்றில் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். சும்மா "ஜாலியா ஓடு" என்று சொல்வதால் எதுவும் நடக்காது. ஜாலி என்பது பயிற்சிக்கு நடுவே கொடுக்கும் இடைவேளை இல்லை. இந்த மூன்றும் சரியாக இருக்கும்போது பயிற்சியிலேயே அது இருக்கும்.

அமெரிக்காவில் அமாண்டா விசெக் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று, கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் விளையாட்டில் எது மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டு 81 காரணங்களைத் தொகுத்து வரிசைப்படுத்தியது. முழு முயற்சி போடுவதும், கூட்டாளிகளோடு ஒத்துப்போவதும், கோச் நடத்தும் விதமும் மேலே நின்றன. ஜெயிப்பது 48-ஆவது இடத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஜெயிக்கப் பிடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. அதைவிடப் பிடித்தவை நிறைய இருக்கின்றன என்பதுதான் செய்தி.

நார்வே என்ன செய்கிறது

நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இல் பிள்ளைகளின் விளையாட்டுக்கென விதிகளை ஏற்றது, 2007-இல் திருத்தியது. ஸ்கீ உட்பட எல்லா விளையாட்டுக்கும் இவை பொருந்தும். 6 வயதாகும் ஆண்டிலிருந்து பிள்ளை தன் கிளப் அளவிலான உள்ளூர்ப் போட்டியில் கலந்துகொள்ளலாம். 9 வயதாகும் ஆண்டிலிருந்து வட்டார அளவு. ரிசல்ட் பட்டியலும் ரேங்கும் 11 வயதாகும் ஆண்டிலிருந்துதான். தேசிய சாம்பியன்ஷிப், ஐரோப்பிய, உலக சாம்பியன்ஷிப் போன்றவை 13 வயதாகும் ஆண்டுக்கு முன் கிடையாது. சிறுவர் போட்டியில் பரிசு கொடுப்பதென்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

நன்றாகக் கவனிக்க வேண்டியது: போட்டியே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளையும் நெஞ்சில் எண் கட்டிக்கொண்டு பந்தயத்தில் நிற்கிறது. யார் முன்னால் வந்தார் என்பது ஓடிய பிள்ளைகளுக்குத் தெரியத்தான் செய்யும். தாளில் அச்சாகி ஊருக்கெல்லாம் போவதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

ஏறக்குறைய 55 லட்சம் மக்கள்தொகை உள்ள இந்த நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் 16 தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2025-இல் டிரோண்ட்ஹெய்மில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் நார்வேயின் யோஹானஸ் கிளேபோ ஆண்களுக்கான கிராஸ் கன்ட்ரி தங்கம் ஆறையும் தானே வென்றார். இந்த விதிகளால்தான் பதக்கம் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பனி இருக்கிறது, கிளப் இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் ரேங்க் போடாவிட்டால் பிள்ளை மந்தமாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பன்னிரண்டு வயது ரிசல்ட் ஏன் ஏமாற்றும்

பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். இது சராசரிதான், ஒரே வகுப்பில் ஒரு பையன் 12-இலேயே வளர்ந்துவிடுவான், இன்னொருவன் 15 வரை எடுத்துக்கொள்வான். முன்னதாக வளர்ந்தவனுக்கு நீளமான கால், பெரிய இதயம், கூடுதல் தசை. அவன் ஜெயிப்பது இயல்பு. திறமை என்று எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மூன்று ஆண்டு கழித்து மற்றவர்களும் வளர்ந்ததும் அந்த முன்னிலை கரைகிறது. அதுவரை ஜெயித்தே பழகிய பிள்ளைக்கு அது பேரிடி. பின்தங்கியே இருந்த பிள்ளையோ அதற்குள் விளையாட்டை விட்டே போயிருப்பான். இரண்டு இழப்புக்கும் காரணம் ஒரே தவறு: வளர்ச்சியைத் திறமை என்று படித்தது.

பிறந்த மாதமும் இப்படித்தான். வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிட்டால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் சாதாரணமில்லை. கதவு நிலையில் பென்சிலால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரத்தைக் குறித்து வையுங்கள். வேகமாக உயரும் மாதங்களில் ஓட்டம் கொஞ்சம் கோணலாகும், ஒருங்கிணைப்பு குறையும், டைமிங் நின்றுபோகும் அல்லது பின்னேறும். அந்தக் கோடுகளைக் காட்டினால் பிள்ளைக்கே புரியும்.

இலக்கை எப்படி வைப்பது

இலக்கில் மூன்று வகை உண்டு. முதல் மூன்றுக்குள் வர வேண்டும் என்பது ரிசல்ட் இலக்கு. இது மற்றவர் எப்படி ஓடுகிறார் என்பதைப் பொறுத்தது. 2 கிலோமீட்டரை 9 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அளவு இலக்கு. இது பாதி நம் கையில். முதல் 300 மீட்டர் பேசக்கூடிய வேகத்தில் போவேன், மேட்டில் அடியைச் சின்னதாக்குவேன் என்பது செயல் இலக்கு. இது முழுக்கப் பிள்ளையின் கையில்.

13 வயது வரை ஒரு பந்தயத்துக்கு இரண்டு செயல் இலக்கு போதும். மூன்று வைத்தால் மூச்சு வாங்கும்போது ஒன்றும் நினைவிருக்காது. அதற்குப் பிறகு பிள்ளையே கேட்டால் அளவு இலக்கு ஒன்று சேர்க்கலாம். ரிசல்ட் இலக்கைப் பிள்ளை தானாகச் சொன்னால் தடுக்க வேண்டாம். பெற்றோரும் கோச்சும் அதை முதலில் எடுக்கக் கூடாது.

அளவு இலக்கில் கிராஸ் கன்ட்ரிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஸ்கீயில் அதே 5 கிலோமீட்டர், புதுப்பனி விழுந்த நாளில் இறுகிய பனியைவிடப் பல நிமிடம் கூடுதலாக எடுக்கலாம். நேற்றைய நேரத்தோடு இன்றையதை ஒப்பிட்டால் பொய்தான் கிடைக்கும். அதனால் ஸ்கீ கோச்சுகள் முதலிடத்தைவிட எத்தனை சதவீதம் பின்னால் என்று கணக்கிடுவார்கள். நம் ஊர் மண்பாதையும் அப்படித்தான்: துரஹள்ளிக் காட்டுப்பாதையில் மழைக்குப் பிறகு ஓடியதையும் கப்பன் பார்க்கின் தார்ச்சாலையில் ஓடியதையும் ஒரே நோட்டில் எழுதி "நேரம் கூடிப்போச்சே" என்று கேட்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். நேரத்தை ஒப்பிட வேண்டுமானால் ஒரே பாதை, ஒரே காலைப்பொழுது, ஏறக்குறைய ஒரே தட்பவெப்பம். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

பயிற்சியில் ஆட்டம்

நார்வேயில் சின்னப் பிள்ளைகளின் ஸ்கீ பயிற்சி பெரும்பாலும் விளையாட்டுத்தான். ஊன்றுகோல் இல்லாமல் தொட்டுப்பிடிப்பது, செயற்கையாகக் குவித்த மேடுகளில் குதிப்பது, ஸ்கீ போட்டுக்கொண்டே கால்பந்து ஆடுவது. இது நேரம் போக்குவதற்காக இல்லை. ஊன்றுகோல் இல்லாதபோது ஒற்றை ஸ்கீ மேல் உடம்பை நிறுத்தக் கற்றே ஆக வேண்டும். அந்தச் சமநிலைதான் பின்னாளில் வேகம். பருவமடைவதற்கு முன் தாக்குப்பிடிக்கும் பயிற்சியால் கிடைக்கும் லாபம் குறைவு; நுட்பம் கற்பதற்கோ அந்த வயது பொன்னானது.

ஓட்டத்துக்கு இரண்டு ஆட்டங்களை விளக்கமாகச் சொல்லலாம், இரண்டும் வேகமான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் ஒன்றாக ஆடக்கூடியவை.

முதலாவது போய்த் திரும்பும் ஓட்டம். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பி தங்கள் வேகத்தில் ஓடுவார்கள். சரியாக 6 நிமிடத்தில் கோச் விசில் ஊத, ஒவ்வொருவரும் இருக்கும் இடத்திலேயே திரும்பி வர வேண்டும். போகும்போது முதலில் இருந்தவர் இப்போது கடைசி. எல்லோரும் போன வேகத்திலேயே திரும்பினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவார்கள். தொடக்கத்தில் பறந்தவர்கள் திரும்பும்போது திணறுவார்கள். நிதானமாகப் போனவர்கள் கடந்துபோவார்கள். வேகத்தைப் பங்கிடுவது என்றால் என்ன என்று பத்து வயதுக்கு வாயால் விளக்கி மாளாது. இரண்டு தடவை இதை ஆடினால் காலுக்கே புரிந்துவிடும். இதில் கோளாறும் ஒன்று வரும். கெட்டிக்காரப் பிள்ளை வேண்டுமென்றே போகும்போது நடப்பான், திரும்பும்போது பறப்பான். திட்ட வேண்டாம். திரும்பிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் சாக்பீஸால் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் அந்தக் குறியைத் தாண்டினால்தான் திரும்பிய ஓட்டம் செல்லும் என்று விதி சேருங்கள்.

இரண்டாவது, நேரத்தை முன்கூட்டியே சொல்லும் ஓட்டம். 800 மீட்டர் வட்டம். கையில் கடிகாரம் கூடாது. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் நேரத்தைச் சொல்ல வேண்டும். சொன்னதற்கும் ஓடியதற்கும் வித்தியாசம் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். குழுவில் கடைசியாக ஓடும் பிள்ளை முதல்முறை கைதட்டல் வாங்குவது பெரும்பாலும் இந்த ஆட்டத்தில்தான்.

வாரத்துக்கு எவ்வளவு? குழந்தை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் அளவு: பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. பத்து வயதுக்குப் பத்து மணிநேரம், பள்ளியின் பி.டி. வகுப்பு, நீச்சல், பரதநாட்டியம் எல்லாம் சேர்த்து. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த ஒரு விளையாட்டிலிருந்து விலகி வேறு ஏதாவது ஆட வேண்டும். தூக்கம், 12 வயது வரை 9 முதல் 12 மணிநேரம். ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரைக்குப் படுக்க வேண்டும். டியூஷன் எட்டு மணிக்குத்தான் முடிகிறதென்றால் எதையாவது குறைத்தே ஆக வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் குறைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. தூக்கம் குறைந்த பிள்ளைக்கு அடிபடும், எரிச்சல் வரும், அதைச் சோம்பல் என்பார்கள்.

பந்தயநாள்

காலை 8 மணிப் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே முக்காலுக்குள் சாப்பாடு: இரண்டு இட்லியும் கொஞ்சம் சர்க்கரையும், அல்லது பிரெட்டும் ஜாமும். சாம்பார், வடை, ஒரு டம்ளர் பால் வேண்டாம்; கொழுப்பும் நாரும் வயிற்றில் நின்று ஓடும்போது குமட்டும். பந்தயநாளில் புது உணவும் புது ஷூவும் கூடவே கூடாது. ஏழு மணிக்கு மைதானம். பாதையை ஒருமுறை பிள்ளையோடு நடந்து பாருங்கள்: மேடு எங்கே, திருப்பம் எங்கே, கடைசி 200 மீட்டர் எந்த மரத்திலிருந்து. தெரிந்த பாதையில் பயம் பாதியாகும். ஏழரைக்குப் பத்து நிமிடம் மெதுஓட்டம், கால்களை வீசித் தளர்த்துவது, 60 மீட்டர் அளவில் மூன்று வேக ஓட்டம், கழிப்பறை, பிறகு வரிசை.

நம் ஊரில் போட்டி சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது அரிது. தலைமை விருந்தினர் வர வேண்டும், எண் அட்டை தீர்ந்துபோகும். இருபது நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் பிள்ளையை வெயிலில் வரிசையில் நிறுத்தி வைக்காதீர்கள். நிழலில் உட்கார வைத்து, அரை வாழைப்பழமும் இரண்டு வாய்த் தண்ணீரும் கொடுத்து, தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் மெதுஓட்டத்தை மறுபடி செய்ய வையுங்கள்.

துப்பாக்கி வெடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் 100 மீட்டர் பந்தயம்போலப் பறப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் கால் கனக்கும், மூச்சு எட்டாது, 600 மீட்டரில் நடப்பார்கள். ஆக்சிஜன் போதுமளவு கிடைப்பதற்கு முன்பே தசை வேறு வழியில் சக்தி எடுத்து அமிலத்தன்மை ஏறுவதால் இப்படி ஆகிறது. மனவலிமைக் குறைவு இல்லை. ஸ்கீயில் இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: 15 அல்லது 30 நொடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளப்புவது. கூட்ட நெரிசலில் ஊன்றுகோல் முறியாது, பிள்ளை தன் வேகத்தில் போகும், தான் எத்தனாவது என்று நடுவழியில் தெரியாது. அப்பார்ட்மென்டில் சிறுவர் ஓட்டம் நடத்துபவர்கள் இதைத் தயங்காமல் செய்து பார்க்கலாம். ஒரு ஸ்டாப்வாட்சும் பெயர்ப்பட்டியலும் போதும்.

பெற்றோர் எங்கே நிற்பது? முடிவுக்கோட்டில் வேண்டாம். பாதி வழியில் மேட்டுப்பகுதியில் நில்லுங்கள். கோட்டைத் தாண்டிய பிள்ளை முதலில் பார்ப்பது கூட ஓடியவர்களின் முகமாக இருக்கட்டும். அப்பாவின் முகத்தைத் தேடிப் படிக்கும் பழக்கம் வளர வேண்டாம். கத்துவதென்றால் பெயரும், முன்பே பேசிவைத்த ஒரே சொல்லும்: "காவ்யா, சின்ன அடி!" மற்றவர் பெயர், எண், நேரம் எதுவும் வேண்டாம். "ஓடு ஓடு" என்பதால் பலனில்லை. அவள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பந்தயம் முடிந்து வீடு திரும்பும் வழி

கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். களைத்த பிள்ளை, பசித்த அப்பா, ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்றுபோன வண்டிகள், தப்பிக்க வழியில்லாத ஒரு மணிநேரம். "அந்தப் பையன் எப்படி உன்னைத் தாண்டினான்? கடைசியில விட்டுட்டியே" என்று ஆரம்பித்தால் பிள்ளை ஜன்னலைப் பார்க்கத் தொடங்கும். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அது பயிற்சிக் குறிப்பாகக் கேட்காது, தீர்ப்பாகத்தான் கேட்கும்.

வழி எளிது: பந்தயப் பேச்சைப் பிள்ளைதான் தொடங்க வேண்டும். அதுவரை பேச்சு இப்படிப் போகலாம்:

"என்னம்மா, முதல்ல தண்ணி குடி. பசிக்குதா?"

"தோசை வேணும்பா."

"சரி, வழியில நிறுத்தறேன்."

"அந்த ரெண்டாவது மேடு இருக்குல்ல, அங்க நடந்துட்டேன்பா."

"அப்படியா? அப்புறம்?"

"அப்புறம் மூணாவதுல நடக்கலை."

இங்கே பாராட்ட வேண்டியது தானாக வந்துவிட்டது: "மூணாவதுல நடக்காம ஏறினியா, நல்லா பண்ணே." சாம்பியன், சிங்கம், வருங்கால ஒலிம்பிக் நட்சத்திரம் என்றெல்லாம் ஏற்றிவிட வேண்டாம். பெரிய பட்டம் அடுத்த வாரம் காப்பாற்ற வேண்டிய கடனாக மாறும். பிள்ளை அழுதால் உடனே "பரவாயில்லை விடு" என்று மூடியும் போடாதீர்கள். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா பக்கத்தில் இருப்பது போதும். திருத்த வேண்டியது இருந்தால் மறுநாள், கோச்சோடு, ஒன்றே ஒன்று.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். ஊரிலிருந்து பாட்டி போன் செய்து "பிரைஸ் வாங்கினியாடி தங்கம்?" என்று கேட்பது பாசத்தால்தான். பாட்டியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: "அம்மா, ஓடின இடம் எப்படி இருந்துச்சு, யாரெல்லாம் வந்தாங்கன்னு கேளுங்க." பெரியவர்கள் சந்தோஷமாகக் கேட்பார்கள். பிள்ளையும் நீளமாகப் பதில் சொல்லும்.

செலவைப் பற்றியும் ஒன்று. ஃபீஸ், ஷூ, பெட்ரோல் எல்லாம் திரும்பி வராத பணம் என்று தெளிவாக முடிவுசெய்த அளவுக்கு மட்டும் செலவழியுங்கள். "உனக்காக இவ்ளோ பண்றோம்" என்ற ஒரு வாக்கியம், பிள்ளையின் ஓட்டத்தைக் கடன் தீர்க்கும் வேலையாக மாற்றிவிடும்.

ஸ்கீக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பெங்களூரிலிருந்து காஷ்மீரின் குல்மார்க் ஸ்கீ வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-இல் தொடங்கிய பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது. குடகிலிருந்து வந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா இந்தியாவுக்காகக் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பந்தயங்களில் இறங்குகிறார். பனியே விழாத மாநிலத்துப் பிள்ளைக்கு இது எட்டாத ஒன்று இல்லை.

ஆனால் பத்துநாள் பயணத்தில் பதக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர், குல்மார்க் 2,650 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கேயிருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் சில நாட்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மூன்றாம் நாள் நேரம் எடுத்து ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

உபகரணத்தால் வரும் தோல்வியைப் பிள்ளை தன் தோல்வியாக எடுத்துக்கொள்வதும் நடக்கும். கிளாசிக் முறையில் (இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்து, நடப்பதுபோல் உந்திப் போவது) ஸ்கீயின் நடுப்பகுதி வில்போல் மேலே வளைந்திருக்கும். உந்தும்போது அந்தப் பகுதி பனியைத் தொட்டுப் பிடிக்க வேண்டும். வழுக்கும்போது தொடக் கூடாது. வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய, விறைப்பான ஸ்கீ எடுத்துக் கொடுத்தால் பிள்ளையின் எடைக்கு அந்த வளைவு அமுங்காது. ஒவ்வொரு உந்தலுக்கும் பின்னால் வழுக்கும். "எனக்கு பலம் இல்லை" என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது. சமதரையில் இரண்டு ஸ்கீ மேலும் எடையைச் சமமாகப் போட்டு நிற்கச் சொல்லுங்கள். பாதத்தின் அடியில் ஒரு தாளைச் செருகினால் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிறகு ஒரே ஸ்கீ மேல் முழு எடை. இப்போது தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஸ்கீயை மாற்றுங்கள். புதியவர்களுக்கு, நடுவில் துணிபோன்ற பட்டை ஒட்டிய ஸ்கீ நல்லது. மேட்டில் பிடிப்பதற்காக ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகைச் சரியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவலி இல்லை. ஓட்ட ஷூவுக்கும் இதே புத்திதான்: விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும், இரண்டு அளவு பெரிதாக வாங்க வேண்டாம்.

எச்சரிக்கை தரும் அடையாளங்கள்

பந்தயத்துக்கு முந்தின இரவுகளில் மட்டும் வரும் வயிற்றுவலி. அடிபட்டதை மறைப்பது. பயிற்சி முடிந்ததும் முன்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது நேராக வண்டிக்கு வருவது. தன் ஓட்டத்தைச் சொல்வதற்கு முன் மற்றவர் நேரத்தைக் கேட்பது. ஒன்று ஒருநாள் வந்தால் பெரிதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து மூன்று வாரம் நீடித்தால் பந்தயங்களை நிறுத்திவைத்துப் பேச வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டில் வலி, குதிகால் பின்புறம் வலி: வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுப்பதால் வருபவை. நொண்டினால் ஓட விடாதீர்கள். சைக்கிள் அல்லது நீச்சலுக்கு மாற்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையைப் பற்றிப் பேசவே கூடாது. நெடுந்தூர விளையாட்டில் "கொஞ்சம் இளைச்சா வேகம் வரும்" என்று போகிறபோக்கில் யாராவது சொல்லிவிடுவார்கள். பருவமடையும் பெண்பிள்ளைகளின் உடல் அமைப்பு மாறும்போது ஓரிரு ஆண்டு நேரம் தேங்குவது இயல்பு, பிறகு சரியாகும். அந்தச் சமயத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் எலும்பு பலவீனமாகும், மாதவிடாய் நிற்கும். மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் "நிறைய ஓடறா, அதான்" என்று விடாமல் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடைபார்க்கும் கோச்சிடமிருந்து பிள்ளையை வெளியே எடுத்துவிடுவது நல்லது.

"எனக்கு வேண்டாம்" என்று சொன்னால்

சீசன் தொடங்கும் முன்பே பேசி வைக்க வேண்டியது இது: ஜூன் முதல் பிப்ரவரி வரை என்றால், பிப்ரவரி கடைசியில் தொடரலாமா என்று பிள்ளை முடிவு செய்யும்; இடையில் ஒரு மோசமான பந்தயத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. அப்படியும் நடுவில் சொன்னால் எது வேண்டாம் என்று கேளுங்கள். பந்தயமா, பயிற்சியா, வலியா, ஒரு ஆளா? ஆள் என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். வலி என்றால் மருத்துவர். பந்தயம்தான் வேண்டாம் என்றால் ஒரு மாதம் பந்தயமே இல்லாமல் நண்பர்களோடு பயிற்சிக்கு மட்டும் போகட்டும். அந்த ஒரு மாதத்தில் கோச்சும் ரேங்க் பேசக் கூடாது என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், வேண்டாம். கோச்சிடம் பிள்ளையே போய்ச் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கட்டிய ஃபீஸைப் பற்றி வாய் திறக்காதீர்கள். வாரம் மூன்று நாள் ஷட்டிலோ சைக்கிளோ நீச்சலோ, எதுவென்று பிள்ளையே சொல்லட்டும். ஓட்ட ஷூவை யாருக்கும் கொடுத்துவிடாமல் செருப்பு அலமாரியிலேயே வைத்திருங்கள்.